ஓய்வுபெற்ற விமானத்தைப் பிரிக்கும் முறை

ஸ்பெயினின் தெருவெல் போன்ற வறண்ட இடத்தில் விமானம் வந்து இறங்கியதும் ஸ்பானரை எடுக்காதீர்கள். முதலில் ஆவணங்களைச் சரிபாருங்கள். எஞ்சினுக்குள் சுழலும் வட்டத் தகடான டர்பைன் டிஸ்க் புதிதாக வந்த நாள் முதல் எத்தனை முறை பறந்தது என்ற கணக்கில் ஓர் இடைவெளி விழுந்தாலும், நல்ல டிஸ்க்குகூடப் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

எரிபொருளை வடித்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சின்களுக்கு வாருங்கள். மதிப்பில் பெரும்பங்கு அவற்றில்தான். இறக்கைக்கு முன்னால் தொங்கும் அந்த எடை போனதும் ஈர்ப்புமையம் பின்னால் நகரும்; மூக்கு எழும்பி வால் தரையில் உட்கார்ந்துவிடும். முன்பக்கம் கான்கிரீட் கட்டிகளைத் தொங்கவிட்டு, வாலுக்கு முட்டுக் கொடுங்கள்.

கழற்றிய குழாய் வாய்களை உடனே மூடுங்கள். ஒரு சிட்டிகை மணல் போதும், ஹைட்ராலிக் பம்ப் பாழாகிவிடும்.

தொடக்ககால போயிங் 747 விமானம் என்றால், வாலை அறுக்கும் முன் எடைச்சமன் கட்டிகளைப் பாருங்கள். அவை யுரேனியமாக இருக்கலாம். ரம்பம் படவே கூடாது.