ஜெர்மன் ஹேண்ட்பால் லீக் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மைதானம் என்றால் மண்தான். சாயந்தரம் ஹேண்ட்பால் ஆட, சுண்ணாம்புப் பொடியால் கோலைச் சுற்றி ஆறு மீட்டர் கோட்டைப் போட்டு முடிப்பதற்குள், கணவாய்க் காற்று பாதிக் கோட்டை வேலந்தாவளம் பக்கம் கொண்டுபோய்விடும். அந்தக் கோட்டை வைத்துத்தான் போன மாதம் ஒரு சண்டை. பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கோட்டுக்கு வெளியே ஊன்றித் தாவினான். அந்தரத்தில் இருக்கும்போதே எறிந்தான். பந்து கோலுக்குள் போன பிறகுதான் இவன் கோட்டுக்கு உள்ளே வந்து விழுந்தான். "கோட்டைத் தாண்டிட்டான், செல்லாது" என்று எதிரணி கத்தியது. விசில் வைத்திருந்தவரும் கோலை எடுத்துவிட்டார். பையன் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் வந்து, "அண்ணா, கீல் மேட்ச்ல இப்படித்தானே போட்டாங்க?" என்றான். கீல் என்றது ஜெர்மன் லீக்கில் ஆடும் அணியை.

அவன் கேட்டது சரி. ஆறு மீட்டர் கோட்டுக்குள் காற்றில் யார் வேண்டுமானாலும் பறக்கலாம். தரையைத் தொடும் முன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில் இருந்து ஓடி வருபவர் கோட்டை ஒட்டித் தாவி, கோலை நோக்கி உள்ளே மிதந்து போவதே கோணத்தை அகலப்படுத்தத்தான். அதைத் தப்பு என்று நினைத்துப் பார்த்தால் ஆட்டத்தின் அழகே கண்ணில் படாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பாலக்காட்டில் பிறந்தவனுக்கு ஃபுட்பால் ரத்தத்தில் ஊறியது. ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகா என்றாலே பேயர்ன் மியூனிக் ஃபுட்பால் அணிதான் ஞாபகம் வரும். ஆனால் ஜெர்மனியில் ஹேண்ட்பாலுக்கும் ஒரு புண்டஸ்லிகா இருக்கிறது. 1966-ல் தொடங்கியது, ஆண்கள் முதல் பிரிவில் 18 அணிகள். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்களில் பலர் அங்கேதான் ஆடுகிறார்கள். ஃபுட்பால் கண்ணோடு அதைப் பார்க்கப் போவதுதான் நாம் செய்யும் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

உதாரணத்துக்கு, கோலி, அதாவது கோல்கீப்பர், தடுத்த பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனால் நம் பையன்கள் "கார்னர்" என்பார்கள். இங்கே அது கார்னர் இல்லை, கோலிக்கே பந்து. தடுப்பில் நிற்கும் மற்ற ஆட்டக்காரர் மீது பட்டுப் போனால்தான் மூலையில் இருந்து எறிய வேண்டும். அப்புறம் பேக் பாஸ். ஆறு மீட்டருக்குள் நிற்கும் சொந்தக் கோலிக்குப் பந்தைக் கொடுக்கக் கூடாது. அவர் தொட்டுவிட்டால் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ.

கோலியை எடைபோடுவதிலும் அதே பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது. "முப்பது கோல் வாங்கிட்டான், என்ன கோலி இவன்?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள கோலுக்கு முன்னால், ஆறேழு மீட்டர் தூரத்தில் இருந்து வரும் எறியை ஒருவர் தனியாகச் சந்திக்கிறார். பத்துக்கு மூன்று தடுத்தாலே நல்ல ஆட்டம். நான்கு தடுத்தால் பெரும்பாலும் அந்த அணிதான் ஜெயிக்கும். எத்தனை விட்டார் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு எத்தனை தடுத்தார் என்று எண்ணிப் பாருங்கள், ஆட்டமே வேறு மாதிரி தெரியும்.

ஸ்டெப் எண்ணுவதில் எங்கள் மைதானத்தில் நடக்காத சண்டை கிடையாது. பந்தோடு மூன்று ஸ்டெப் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தரத்தில் பந்தைப் பிடித்துக் கீழே வந்து ஊன்றும் முதல் கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகுதான் ஒன்று. டிவியில் பார்க்கும்போது நான்கு போல் தோன்றுவது பல நேரம் இதனால்தான். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பாதத்தை மட்டும் பாருங்கள்: பிடிக்கும்போது இரண்டு காலும் தரையில் இல்லை, இறங்கினார், ஒன்று, இரண்டு, மூன்று, எறிந்தார். சரியாக இருக்கும்.

மோதலைப் பற்றியும் இரண்டு விதமான தவறு உண்டு. சிலர் எல்லாவற்றையும் ஃபவுல் என்பார்கள், சிலர் இது குஸ்தி என்று முடித்துவிடுவார்கள். எதிரே நின்று நெஞ்சாலும் மடக்கிய கையாலும் ஆளை மறிப்பது தடுப்பாட்டத்தின் அடிப்படை. பக்கவாட்டில் இருந்தோ பின்னால் இருந்தோ எறியும் கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். மூன்றாவது முறை அப்படி அனுப்பப்பட்டால் சிவப்பு அட்டை, அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது.

நடுவர் கையைத் தூக்கினால் அதைக் கவனிக்காமல் விடாதீர்கள். பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்துகிறீர்கள் என்ற எச்சரிக்கை அது. 2022-ல் வந்த விதிப்படி, அதன் பிறகு நான்கு பாஸுக்குள் கோலை நோக்கி எறிந்தாக வேண்டும். எனக்கு ஆட்டத்திலேயே பிடித்த நேரம் அதுதான், கூடவே நானும் பாஸ் எண்ணுவேன்.

கோல் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் கோலி எங்கே தொலைந்தார் என்று கேட்பவர்கள் உண்டு. அவரை பெஞ்சுக்கு அழைத்துவிட்டு ஏழாவது ஆளைத் தாக்குதலில் இறக்கியிருப்பார்கள். 2016-ல் விதி மாறியதில் இருந்து இது அடிக்கடி நடக்கிறது. பந்து கைமாறினால் எதிரணி மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தே எறிந்து கோல் போட்டுவிடும். 40 மீட்டர் மைதானத்தில் அந்தப் பந்து குதித்துக் குதித்துப் போவதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும்.

பையன்கள் செய்யும் இன்னொரு தவறு, வலது கைக்காரனை வலது பக்கம் நிறுத்துவது. வலப் பக்கத்தில் இடது கைக்காரர்தான் வேண்டும். அவர் கை மைதானத்தின் நடுப்பக்கம் வருவதால் கோல் அகலமாகத் திறக்கும். பெர்லின் அணியின் டேனிஷ் ஆட்டக்காரர் மதியாஸ் கிட்செல் அங்கே நின்று ஆடுவதைப் பாருங்கள். எங்கள் அணியில் இடது கைக்காரன் ஒருவனை இரண்டு வருஷம் இடது மூலையில் நிறுத்தி வீணடித்தோம். இப்போது அவன் வலது பக்கம் ஆடுகிறான், கோலும் போடுகிறான்.

புள்ளிப் பட்டியலைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். வெற்றிக்கு மூன்று இல்லை, இரண்டு புள்ளி. சமன் என்றால் ஒன்று. இழந்த புள்ளியையும் பக்கத்திலேயே எழுதுவார்கள். 2011-12-ல் கீல் 34 ஆட்டத்தையும் ஜெயித்தபோது பட்டியலில் 68:0 என்று இருந்தது. 2023-ல் ஜெய்ப்பூரில் நடந்த நம் நாட்டு பிரீமியர் ஹேண்ட்பால் லீக்கைப் பார்த்தவர்கள், அதில் ஆறு அணிகள் ஆடி, இறுதிப் போட்டியில் மகாராஷ்டிரா அயர்ன்மென் ஜெயித்ததை நினைத்துக்கொண்டு இங்கேயும் ஃபைனல் எப்போது என்று தேடுகிறார்கள். புண்டஸ்லிகாவில் ஃபைனலே கிடையாது. 34 ஆட்டம் முடிந்ததும் மேலே நிற்பவர் சாம்பியன். அதனால் செப்டம்பரில் ஒரு சின்ன அணியிடம் இழந்த புள்ளி ஜூனில் வந்து கடிக்கும். 2025-ல் கடைசி நாளில்தான் முடிவு தெரிந்தது, ஃபுக்ஸே பெர்லின் முதல் முறையாகப் பட்டம் வென்றது.

நேரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பதினொன்றரை, கோடையில் பத்தரை. மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிற பையன்கள் ரெக்கார்டிங் பார்த்தால் போதும். ஜனவரியில் ஆட்டம் எதுவும் வரவில்லையே என்று தேடாதீர்கள், அந்த மாதம் உலகக் கோப்பையோ ஐரோப்பியக் கோப்பையோ நடக்கும். லீக் மறுபடியும் பிப்ரவரியில் தொடங்கும்.