சுவான்சௌ நகரில் தமிழர் கோயில் கற்களைத் தேடிப் பார்ப்பது எப்படி

சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள சுவான்சௌ நகரம், பத்தாம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரை ஆண்ட சோங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் அரபு, பாரசீக, தமிழ் வணிகர்கள் குடியிருந்த பெருந்துறைமுகம். மார்கோ போலோ சாய்த்தூன் என்று வியந்து எழுதிய ஊர் இதுவே. யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டில் இங்குள்ள 22 இடங்களை ஒரே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அத்தனையையும் இரண்டு நாளில் பார்க்க முயல்வதைவிட, கற்கள் சொல்லும் ஒரு கதையைப் பின்தொடர்ந்து நடப்பதே நல்லது என்பது என் கருத்து.

பயணச்சீட்டு எடுக்கும்போது இதைக் குவாங்சௌ என்ற வேறொரு மாநகரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சியாமென் வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விரைவு ரயில் பயணத்தில் இங்கே வந்துவிடலாம். ரயிலுக்குக் கடவுச்சீட்டு கட்டாயம் தேவை. பார்க்கவிருக்கும் இடங்களின் பெயர்களைச் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டால் வாடகைக் கார் ஓட்டுநரிடம் காட்டுவதற்கு உதவும்.

முதலில் செல்ல வேண்டியது கடல்வணிக அருங்காட்சியகம். சீனாவில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். யுவான் ஆட்சியின் இறுதியில் மூண்ட கலகங்களால் அயல்நாட்டார் குடியிருப்புகள் சிதைந்தன. அவர்களுடைய கோயில், கல்லறைக் கற்களில் பல நகர மதிலைக் கட்டப் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் அந்த மதிலை இடித்தபோது வெளிப்பட்ட கற்களை, ஊ வென்லியாங் என்ற உள்ளூர் ஆசிரியர் பல ஆண்டுகள் பொறுமையாகத் தேடிச் சேர்த்தார். அவர் இல்லையேல் இவற்றில் பல நமக்குக் கிடைத்திருக்காது. லிங்கத்துக்கு யானை பூசை செய்யும் சிற்பத்தின் முன் சற்று நேரம் நில்லுங்கள். திருவானைக்காவின் தலபுராணத்தை அறிந்தவருக்கு அங்கே விளக்கப் பலகை தேவைப்படாது. இந்நகரில் கிடைத்த, 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு, அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசரான கானின் திருமேனி நன்றாக இருக்க வேண்டிச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அதன் அடியில் சீன எழுத்துகளும் உள்ளன.

அருங்காட்சியகத்தில் கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகே கைய்யுவான் பௌத்த ஆலயத்துக்குச் செல்ல வேண்டும். 686ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இவ்வாலயத்தின் இரட்டைக் கற்கோபுரங்களைப் பார்த்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் முதன்மை மண்டபத்தின் முன்மேடையில் குனிந்து, அதன் அடிப்பகுதியில் வரிசையாகப் பதித்த சிங்க உருவங்களையும் மனித முகம் கொண்ட சிங்க உருவங்களையும் பாருங்கள். பின்னர் மண்டபத்தைச் சுற்றிப் பின்புறத் தாழ்வாரத்துக்குச் செல்லுங்கள். அங்கே, யுவானுக்குப் பின் வந்த மிங் அரசமரபின் காலத் திருப்பணியின்போது, ஏற்கெனவே சிதைந்திருந்த தமிழர் கோயிலிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு உள்ளன. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், யானைக்கு அருள் செய்யும் திருமால், இரட்டை மரங்களைச் சாய்க்கும் கண்ணன் என ஒவ்வொரு பட்டை முகத்தையும் நிதானமாகப் பார்த்தால் அடையாளம் காணலாம். சைவக் கல்வெட்டு கிடைத்த ஊரில் வைணவக் கதைகளும் இருப்பதால், இங்கே ஒன்றுக்கு மேற்பட்ட கோயில்கள் இருந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் புடைப்புச் சிற்பங்கள் தெளிவாகத் தெரியும். வழிபாடு நடக்கும் ஆலயம் என்பதால் தூண்களைத் தொடாமலும் வணங்குவோரைப் படம் எடுக்காமலும் இருங்கள்.

அதே வளாகத்தில், 1974இல் அகழ்ந்தெடுத்த சோங் காலக் கப்பலையும் பாருங்கள்; அதில் மிளகும் நறுமணக் கட்டைகளும் கிடைத்தன. 1009இல் கட்டத் தொடங்கிய கிங்ஜிங் பள்ளிவாசலின் கூரையற்ற தொழுகைக் கூடத்துக்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டாம் நாளை லுவோயாங் பாலத்துக்கு ஒதுக்குங்கள். 1059இல் முடிந்த அப்பாலத்தின் அடித்தளக் கற்களை, அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்து இறுகச் செய்தார்கள். கடல்நீர் வடிந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து சென்றால், படகு வடிவத் தூண்களின் அடியில் இன்றும் சிப்பிகள் ஒட்டியிருப்பதைக் காணலாம்.