வருட வாசிப்புச் சவால்: எங்கே சறுக்குகிறோம்?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில்தான் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு வீடு திரும்பி, அதே சூட்டில் "இந்த வருஷம் 52 புத்தகம்" என்று சொல்லிவிடுகிறோம். வாரத்துக்கு ஒன்றுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புத்தகம் 300 பக்கம் என்றால் மொத்தம் 15,600 பக்கம், தினமும் ஏறக்குறைய 43 பக்கம். காய்ச்சலில் படுத்த நாள், கல்யாணத்துக்கு ஊருக்குப் போன நாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும் நாள் எல்லாம் இதில் அடக்கம். பலருடைய சவால் பிப்ரவரியோடு நின்றுபோக இதுதான் காரணம்.

எண்ணை அறிவிக்கும் முன் ஒரு வாரம் வழக்கம்போலப் படியுங்கள். நாளுக்கு 20 பக்கம் ஓடுகிறது என்றால் வருடத்துக்கு 7,300 பக்கம், அதாவது 24 புத்தகம். அதிலும் கொஞ்சம் கழித்து 18 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்பதை அந்த எண்ணே முடிவு செய்யும்படி விடுவது. தடித்த நாவல் அலமாரியிலேயே கிடக்கும், ஒல்லியான புத்தகங்களாகத் தேடி எடுப்போம். பொன்னியின் செல்வனை ஒன்றாகக் கணக்கிடுவதா, ஐந்தாகவா என்ற வாதம் கிளம்புவதும் இதனால்தான். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை அது. அன்றைய வாசகர்கள் வாரா வாரம் காத்திருந்து படித்ததை நாம் ஒரே மாதத்தில் முடித்து ஐந்து கோடு போடப் பார்க்கிறோம். பக்கங்களைக் கணக்கிட்டால் இந்தச் சிக்கலே வராது.

நானும் ஒரு வருஷம் 50 என்று வைத்து, நவம்பரில் 31-இல் நின்றேன். எண்ணை எட்டக் கவிதைத் தொகுப்புகளில் இறங்கினேன். என் நோட்டில் ஒரே ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்கு நேராக மூன்று தொகுப்புகளின் பெயர் இருக்கிறது. மூன்றிலிருந்தும் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. அப்புறம் அவற்றில் ஒன்றைத் திரும்ப எடுத்து, ராத்திரிக்கு ஒரு கவிதை என்று படித்தேன். முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. இன்றும் அதிலிருந்து நாலைந்து கவிதைகள் நினைவில் இருக்கின்றன. மறுவாசிப்பைக் கணக்கில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் சேர்க்கலாம் என்றுதான் சொல்வேன்.

பிடிக்காத புத்தகத்தை விடாப்பிடியாக முடிக்கப் பார்ப்பதும் சவாலைக் கெடுக்கும். 112-ஆம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகிய புத்தகம் மூன்று வாரமாகத் தலைமாட்டில் கிடக்கும். அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடவும் மனசு வராது. ஐம்பது, அறுபது பக்கம் தாண்டியும் உள்ளே போக முடியவில்லை என்றால் டிக்கெட்டோடு அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். சில புத்தகங்களுக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் வேளை வரும்.

பன்னிரண்டு மாதத்துக்கான பட்டியலையும் ஜனவரியிலேயே பூட்டிவிட வேண்டாம். பாதியைக் காலியாக விடுங்கள். எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டும் என்றும் இல்லை. பக்கத்து நூலகத்தில் உறுப்பினர் ஆகலாம். பழைய இலக்கியம் என்றால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் மின்பதிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஜூன், ஜூலையில் கணக்கு பின்தங்கியதும் மொத்தமாகக் கைவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம், சரி, அதில் என்ன தப்பு? படித்த புத்தகங்களைக் குறித்துவைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில்கூட வருடத்தின் நடுவில் இலக்கை மாற்ற வழி இருக்கிறது. போன வருஷம் நான் ஆகஸ்டில் 24-ஐ 15 ஆக்கினேன். அதனால்தான் டிசம்பர் முழுக்க, 800 பக்க நாவல் ஒன்றை அவசரமில்லாமல் படிக்க முடிந்தது.