ஐஸ்லாந்தின் வடக்கே எரிமலை நிலத்தில் கார் பயணம்: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

ஐஸ்லாந்து போகிறவர்களில் பலர் தலைநகர் ரெய்க்யாவிக்கையும் தெற்குக் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நாட்டின் உயிர் வடகிழக்கில்தான் இருக்கிறது. மிவாட்ன் ஏரியைச் சுற்றியுள்ள எரிமலை வாய்கள், 1975 முதல் 1984 வரை ஒன்பது முறை பிளந்து தீக்குழம்பைக் கக்கிய க்ராஃப்லா, அதற்கும் தெற்கே ஆள் நடமாட்டமே இல்லாத அஸ்க்யா. பார்த்தே ஆக வேண்டிய நிலம் இது.

வழக்கமாக எந்தெந்த இடம் என்று பட்டியல் போட்டு, அதற்கேற்ப நாளையும் வண்டியையும் முடிவு செய்வோம். இங்கே அது சரிவராது. எந்தச் சாலை எப்போது திறந்திருக்கும் என்பதை முதலில் பாருங்கள். தேதி, வண்டி, தங்குமிடம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: சாலையைப் பார்த்துத் தேதி குறியுங்கள்

நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலை சுமார் 1,300 கி.மீ. நீளம். அது தார்ச்சாலை, சாதாரண காரே போதும். எஃப் என்ற எழுத்தோடு எண் போட்டவை மலைச்சாலைகள். அவற்றில் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில்தான் போக வேண்டும் என்பது சட்டம். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும் இந்தச் சாலைகள், பனி உருகி மண் காய்ந்த பிறகுதான் திறக்கும். அஸ்க்யா பக்கம் இது பெரும்பாலும் ஜூன் பின்பாதியில் நடக்கும். ஆனால் இந்த நாள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

எனவே அஸ்க்யா வேண்டுமென்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிக்குள் வையுங்கள். மிவாட்ன் வட்டாரம் மட்டும் போதுமென்றால் ஜூன் முதலே போகலாம், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கோடையில் ஏரிக்கரையில் சின்னக் கொசு போன்ற பூச்சிகள் மேகமாக மொய்க்கும். தலைக்கு வலைத்தொப்பி ஒன்று கட்டாயம். குளிர்காலத்தில் முதல்முறையாகக் கார் ஓட்டப் போகாதீர்கள். டிசம்பரில் பகல் மூன்று மணி நேரம்தான், சாலை முழுக்கப் பனிக்கட்டி.

படி 2: அஸ்க்யாவுக்கு நீங்களே ஓட்டுவதா?

இதை நன்றாக யோசித்து முடிவெடுங்கள், மொத்தச் செலவும் இதைப் பொறுத்துதான். அஸ்க்யா 1875-இல் பெரிய அளவில் வெடித்த எரிமலை. அந்த வெடிப்புக்குப் பின் நிலம் உள்வாங்கியதில் உருவான ஆழமான ஏரி ஒன்றும், பக்கத்திலேயே வீட்டி என்ற சிறு எரிமலை வாயும் அங்கே இருக்கின்றன. நிலவுக்குப் போகப் பயிற்சி பெற்ற அமெரிக்க விண்வெளி வீரர்களை 1965-லும் 1967-லும் இங்கே அழைத்து வந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் காரணம் புரியும்.

எஃப் 88 சாலையில் போனால் ஒன்றாம் எண் சாலையிலிருந்து பிரிந்து கிட்டத்தட்ட 90 கி.மீ. கேட்க ஒன்றுமில்லாத தூரம், ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் பாலமில்லாத ஆறுகளை வண்டியோடு கடக்க வேண்டும். தெரிந்தவர்கள் கடக்கும் விதம் இதுதான்: கரையில் நிறுத்தி, இன்னொரு வண்டி வரும்வரை காத்திருந்து, அது போகும் தடத்தைக் கவனிப்பார்கள். நீர் சலசலவென்று ஓடும் இடம் ஆழம் குறைவு, அமைதியாகத் தெரியும் இடம்தான் பள்ளம். தண்ணீரில் இறங்கும் முன்பே நான்கு சக்கர இயக்கத்தையும் குறைந்த கியரையும் போட்டு, நீரோட்டம் போகும் திசைக்குச் சற்றுச் சாய்வாக, ஒரே சீரான வேகத்தில் போவார்கள். நடுவில் கியர் மாற்றக் கூடாது, நிற்கவும் கூடாது. பனியாறு உருகி வரும் நீர் வெயில் ஏற ஏறப் பெருகும், அதனால் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

இதைப் படிக்கும்போதே தயக்கம் வந்தால், அந்தத் தயக்கத்தை மதியுங்கள். கோடையில் மிவாட்னிலிருந்து பெரிய சக்கர வண்டிகளில் ஒருநாள் சுற்றுலா நடக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். கடைசியில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை கி.மீ. நடை.

படி 3: வண்டியும் காப்பீடும்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். ஊருக்குள் 50, சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90 கி.மீ. வேகம், பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

காப்பீட்டில் சரளைக்கல், மணல், சாம்பல் இவற்றால் வரும் சேதம் அடங்குமா என்று கேளுங்கள். ஆற்றில் வண்டி மாட்டினால் பெரும்பாலும் எந்தக் காப்பீடும் கை கொடுக்காது. அப்புறம் காற்று. கதவைத் திறக்கும்போது காற்று பிடுங்கிக் கீல் வளைவது அங்கே சாதாரணம், அதற்கும் காப்பீடு கிடைப்பது அரிது. காற்று வரும் திசைக்கு வண்டியின் மூக்கைத் திருப்பி நிறுத்துங்கள், கதவை இரு கையாலும் பிடித்துத் திறங்கள்.

சாலையை விட்டு மண்ணிலோ பாசியிலோ வண்டியை இறக்குவது குற்றம், அபராதம் கடுமை. ஒரு டயர்த் தடம் பல ஆண்டு அழியாத மண் அது.

படி 4: நாட்களைப் பிரிப்பது

ரெய்க்யாவிக்கிலிருந்து வடக்கின் பெரிய ஊரான ஆகுரேய்ரிக்குச் சுமார் 390 கி.மீ. உள்நாட்டு விமானத்தில் போய் அங்கேயே வண்டி எடுத்தால் ஒரு நாள் மிச்சம். கோதாஃபோஸ் அருவியைப் பார்த்தபடி மிவாட்ன் போய், அங்கேயே மூன்று இரவாவது தங்குங்கள். தினம் ஓர் ஊர் மாறுவது இங்கே வீண் அலைச்சல்.

ஒரு நாள் ஏரியைச் சுற்றி: டிம்முபோர்கிரின் தீக்குழம்புத் தூண்கள், ஹ்வெர்ஃப்யாத்ல் எரிமலை வாய், ஹ்வெரிர். ஹ்வெரிரில் சாம்பல் நிறச் சேறு கொதித்துக் குமிழியிடும், அழுகிய முட்டை வாடை மூக்கைத் துளைக்கும். கயிறு கட்டிய பாதையை விட்டு ஓர் அடியும் நகராதீர்கள். வெளிறிய மண்ணின் மேலோடு மெல்லியது, அடியில் கொதிநீர். இன்னொரு நாள் க்ராஃப்லாவும், 44 மீட்டர் உயரத்திலிருந்து விழும் டெட்டிஃபோஸ் அருவியும். அருவிக்கு மேற்குப் பக்கம் போகும் 862-ஆம் எண் தார்ச்சாலையே நல்லது.

மூன்றாவதாக ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மழையோ காற்றோ ஒரு நாளைத் தின்றுவிட்டால் ஈடுகட்ட அது உதவும். அஸ்க்யா போகிறவர்கள் நான்காவது இரவும் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 5: பெட்ரோல், சாப்பாடு

மிவாட்னில் டாங்கை நிரப்புங்கள். அஸ்க்யா சாலையில் பங்க் கிடையாது. ஆளில்லாத பங்குகளில் பின் நம்பர் உள்ள கார்டு வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஆகுரேய்ரி சூப்பர் மார்க்கெட்டிலேயே ரொட்டி, ஸ்கிர் என்ற கெட்டித் தயிர், பழம் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயின் குளிர்நீரை அப்படியே குடிக்கலாம்.

படி 6: தினமும் காலையில்

கிளம்பும் முன் மூன்றைப் பாருங்கள்: சாலைத் துறையின் இணையதளத்தில் சாலை நிலவரம், வானிலைத் துறையில் காற்றும் எரிமலை எச்சரிக்கையும், பயணிகள் பாதுகாப்புக்கான சேஃப் டிராவல் தளத்தில் பொது அறிவிப்புகள். அஸ்க்யாவின் நிலம் 2021 முதல் மேலெழும்பி வருவதால் எரிமலைத் தகவலைத் தவறவிடாதீர்கள். மலைச்சாலை போகும் நாளில் உங்கள் பயணத் திட்டத்தைச் சேஃப் டிராவலில் பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் திரும்பாவிட்டால் மீட்புக் குழுவினருக்கு எங்கே தேடுவது என்று தெரியும். அவசர எண் 112.

இன்னொன்று. ஆகுரேய்ரிக்குக் கிழக்கே உள்ள வாத்லஹேய்தி சுரங்கப்பாதையில் சுங்கச்சாவடி இருக்காது, ஆனால் கட்டணம் உண்டு. தாண்டிய கையோடு இணையத்தில் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் வாடகை நிறுவனத்தின் வழியாகக் கூடுதல் தொகையோடு வரும். கட்டணம் வேண்டாமென்றால் மேலே பழைய கணவாய்ச் சாலை இருக்கிறது, தூரம் கொஞ்சம் அதிகம், ஆனால் ஃப்யோர்டின், அதாவது மலைகளுக்கிடையே உள்ளே நீளும் கடலின், காட்சி அங்கிருந்துதான் கிடைக்கும்.