வளைபரப்பைக் கையால் வரைய: முதலில் வெட்டுங்கள், அப்புறம் வரையுங்கள்

முப்பரிமாணப் பரப்பை வரையச் சொன்னால் பலரும் எடுத்த எடுப்பில் பரப்பையே வரையப் பார்க்கிறார்கள். சிக்கலே அங்கேதான். பென்சிலுக்குக் கோடுதான் போடத் தெரியும், அதனால் பரப்பைத் தளங்களால் வெட்டி, வெட்டிய இடத்தில் கிடைக்கும் வளைகோடுகளை மட்டும் போடுங்கள். நாலைந்து சரியாக விழுந்தால் மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

அச்சுகள்: இசட் மேலே, ஒய் வலப்பக்கம், எக்ஸ் உங்களை நோக்கி, அதாவது தாளில் இடது கீழாகச் சாய்ந்து. எக்ஸ் அச்சில் மட்டும் அலகைப் பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் படம் இழுத்துவிட்ட மாதிரி இருக்கும்.

இசட் = எக்ஸ்² + ஒய்² எளிது. கிடைத்தளங்களால் வெட்டினால் வட்டங்கள் கிடைக்கும்: இசட் 1 என்றால் ஆரம் 1, இசட் 4 என்றால் ஆரம் 2. இந்த வட்டங்களை நீள்வட்டமாகப் போடுங்கள், முனைகள் கூராக வேண்டாம். வெளிக்கோடு நீள்வட்டங்களைப் பக்கவாட்டில் தொட்டுக்கொண்டு போகவேண்டும், வெட்டிக்கொண்டு போகக்கூடாது. மேல் விளிம்பு முழுக்கோடு, கீழே உள்ள வட்டத்தின் பின்பாதி புள்ளிக்கோடு.

பலரைப் படுத்துவது சேணப் பரப்புதான்: இசட் = எக்ஸ்² − ஒய்². எக்ஸ், ஒய் இரண்டையும் −1 முதல் 1 வரை மட்டும் எடுத்து, தரையில் அந்தச் சதுரத்தை மெல்லிய கோட்டில் போடுங்கள் (தாளில் அது இணைகரமாகத்தான் தெரியும்). நான்கு மூலைகளிலும் நடுவிலும் உயரம் 0. முன், பின் விளிம்புகளின் நடுப்புள்ளி 1 அலகு மேலே, இடது, வலது விளிம்புகளின் நடுப்புள்ளி 1 அலகு கீழே. சரி, இப்போது ஒவ்வொரு விளிம்பிலும் மூலை, நடுப்புள்ளி, மூலை என்று ஒரு பரவளையமாக இணைத்தால் முன்னும் பின்னும் மேடு, பக்கங்களில் பள்ளம், சட்டகம் தயார். அப்புறம் ஆதிப்புள்ளி வழியாக இரண்டு: எக்ஸ் திசையில் மேல்நோக்கி விரிவது, ஒய் திசையில் கீழ்நோக்கிக் கவிழ்வது. முன்விளிம்பில் போட்ட அதே கவிழ்ந்த பரவளையம்தான் நடுவிலும் வருகிறது, 1 அலகு இறங்கி. ஒன்றை நன்றாகப் போட்டால் மற்றதை நகலெடுக்கலாம். சந்தேகம் வந்தால் சதுரத்தின் மூலைவிட்டங்களைப் பாருங்கள், அந்த இரண்டு நேர்கோடுகளும் முழுவதுமாகப் பரப்பின் மேலேயே கிடக்கும்.

எக்ஸ்² + ஒய்² − இசட்² = 1 என்று வந்தால் கிடைவெட்டு வட்டம்தான்: இடுப்பில் (இசட் 0) ஆரம் 1, இசட் ±2-இல் ஆரம் ஏறக்குறைய 2.2, அவ்வளவுதான். சமன்பாட்டின் வலப்பக்கம் −1 ஆனால் இசட் 0-இல் வட்டமே கிடையாது, பரப்பு ±1-க்கு அப்பால் இரண்டு கிண்ணங்களாகப் பிரிந்துவிடும்.