‘அடிப்பாரா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்

குளச்சல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சர்வே தாளைப் பார்த்தபடியே ஓர் அக்காவிடம் "வீட்டுக்காரர் அடிப்பாரா?" என்று கேட்டேன். பக்கத்தில் மாமியார் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மக்ளே" என்றார் அக்கா, நானும் ‘இல்லை’ என்று டிக் போட்டேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "மாமி முன்னாடி வச்சு எப்படி மக்ளே சொல்லுவேன்" என்றார். அந்த டிக்கை நினைத்தால் இன்றும் மனசு கேட்காது. பொய் சொல்ல வைத்தது நான்தான்.

சர்வேக்குப் போனால் இப்படிப்பட்ட கேள்விகளை அடுத்தவர் காதில் விழும்படி கேட்காதீர்கள். தேசிய குடும்ப நல ஆய்வில் வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள், தனிமை கிடைக்காவிட்டால் அந்தக் கேள்விகளையே விட்டுவிடுவார்கள். 'வன்முறை' என்ற பெரிய வார்த்தையைப் போட்டும் கேட்பதில்லை. அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள், ஏனென்றால் அறை வாங்குவதை வன்முறை என்றே நினைக்காதவர்கள் நிறைய பேர்.

குடியும் அப்படித்தான். "குடிப்பீங்களா?" என்றால் குற்றம்சாட்டுவது போலிருக்கும், "போன வாரம் எத்தனை நாள் குடிச்சீங்க, ஒரு நாளும் இல்லையா, ஒண்ணு ரெண்டு நாளா, தினமுமா?" என்றால் சொல்ல வாய் வரும். பெயரும் போன் நம்பரும் முதலிலேயே வாங்கிவிட்டு வட்டிக்கடனைப் பற்றிக் கேட்காதீர்கள். மகளிர் குழுத் தலைவியையே அனுப்பிக் குழுக்கடன் பாக்கியைக் கேட்க வைப்பது அதைவிட மோசம்.

"ரகசியமா வச்சுப்போம்" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. யாருடைய 'ஆமா' உண்மை என்று கேட்பவருக்கே தெரியாதபடி கேட்க, 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்பவர் ஒரு வழி சொன்னார், பிறகு அதைப் பலவிதமாக மாற்றினார்கள். எளிதானது நாணயம்: பதில் சொல்பவர் நமக்குக் காட்டாமல் சுண்டுவார், தலை விழுந்தால் என்ன கேட்டாலும் 'ஆமா', பூ விழுந்தால் உண்மை. 200 பேரில் 130 பேர் 'ஆமா' என்றால், சுமார் 100 'ஆமா' நாணயம் சொன்னது. மீதி 30, உண்மை சொன்ன 100 பேரில் வந்தது, அதாவது கிட்டத்தட்ட 30 சதவீதம். யார் என்று நமக்கே தெரியாது, அதனால்தான் அவர்களுக்குத் தைரியம் வருகிறது. 20 பேரை வைத்துச் செய்தால் கணக்கு நிற்காது. அப்புறம், எடுத்ததும் பெரிய கேள்விக்குப் போகாமல், "இன்னைக்கு மரச்சீனி சாப்பிட்டீங்களா?" என்று ஒருமுறை சுண்டிப் பழக விடுங்கள்.