மதுரையிலிருந்து கப்பலேறப் போகிறவர்களுக்கு

கோயில் கோயிலாகச் சுற்றி மதுரையில் பயணத்தை முடித்து, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் திரும்பும் யாழ்ப்பாணத்து உறவினர்களுக்கு ஒரு யோசனை. கடைசி நாளைக் கடைவீதிக்குக் கொடுக்காதீர்கள். மூட்டை கட்டக் கொடுங்கள். மீனாட்சியம்மன் கோயில் குங்குமம் காகிதப் பொட்டலத்திலேயே இருந்தால் பைக்குள் கொட்டி, வெள்ளை வேட்டியெல்லாம் சிவந்துவிடும். மூடி இறுகும் சம்புடத்துக்கு மாற்றுங்கள். துவைக்காத புதுச் சுங்குடிச் சேலை ஈரம் பட்டால் சாயம் விடும். அது தனி பாலிதீன் உறையில் போகட்டும். பெட்டிகளை எடை போட்டுவிடுங்கள். தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசே போதும். (அல்வாவைக் குறைத்தாலே பாரம் குறையும், சொன்னால் யார் கேட்கிறார்கள்?)

காலைக் கப்பலுக்கு முந்தைய நாளே நாகை போய்த் தங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பருவமழையால் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுமுன் விசாரித்துவிடுங்கள். பாஸ்போர்ட், டிக்கெட், மருந்து மூன்றும் கைப்பையில். மருத்துவரிடம் கேட்டு வாங்கிய குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். காலை உணவு இரண்டு இட்லியோடு நிற்கட்டும். பூரிக்கிழங்கைக் கரையேறிச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.